எல்லா எஞ்சினுக்கும் மூன்றாம் நம்பரா?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கக் கூடத்தின் ஒரு மூலையில் நானும் என் பேரனும் மேசைமேல் சின்ன ரயில் ஓட்டிக் காட்டியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "ரிட்டயர் ஆன பிறகும் ரயில் உங்களை விடவில்லையா சார்?" என்று சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஏழு வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிட்டது. ஏழு வீட்டிலும் ஒரே கதை. மகனோ மகளோ ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ லீவில் வந்தபோது, வீட்டுக் குழந்தைக்கென்று நல்ல விலை கொடுத்து ஒரு டிஜிட்டல் ரயில் செட் வாங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடியது. மணி அடித்தது, ஹாரன் அலறியது, எஞ்சின் கத்தியது. மூன்றாம் நாள் வீட்டு அம்மாள், "அந்தச் சனியனை நிறுத்துங்கள், மண்டை இடிக்கிறது" என்றார். பெட்டி லாஃப்டுக்குப் போய்விட்டது.

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். ரயில் செட்டையும் குறை சொல்ல மாட்டேன். அந்த எஞ்சினுக்கு நம்பரும் கொடுக்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓடவிட்டார்கள். ஷெட்டுக்குப் புதிதாக வந்த எஞ்சினை அப்படி யாராவது லைனுக்கு அனுப்புவார்களா? நான் 1981-ல் டிப்ளமாவோடு சார்ஜ்மேனாகச் சேர்ந்து, 2018-ல் சீனியர் செக்‌ஷன் எஞ்சினியராக ஓய்வு பெற்றவன். 37 வருஷத்தில் பெரும்பகுதி டீசல் ஷெட்டிலேயே கழிந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பொம்மை எஞ்சின் என்றாலும் முறை முறைதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் சிறு வயதில் கடை ஜன்னலில் பார்த்த பொம்மை ரயிலில், தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். ஒரு பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டி.சி.சி. என்கிற இந்த டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் முழு வோல்டேஜும் எப்போதும் இருக்கும். அந்த மின்சாரத்தின் திசையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றி, அந்த மாற்றத்தின் நீளத்திலேயே செய்தியை அனுப்புகிறார்கள். நீளம் 58 மைக்ரோ செகண்ட் என்றால் ஒன்று. 100 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்று ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கிறது. ஷெட்டில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோர் காதிலும் விழும், பெயருக்குரியவர் மட்டும் எழுந்து போவார் அல்லவா, அதே ஏற்பாடு. ஜெர்மனியில் லென்ஸ் கம்பெனி 1980-களின் கடைசியில் உருவாக்கிய இந்த முறையை, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக ஏற்றது. அதனால்தான் ஒரு கம்பெனி எஞ்சின் வேறு கம்பெனிக் கருவிக்கும் கீழ்ப்படிகிறது.

இதில் தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பெயர் மூன்று. ஆமாம், அட்ரஸ் 3. உலகத்தில் எங்கே வாங்கினாலும் 3. ஒரே எஞ்சின் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. அடுத்த வருஷம் மாமா இன்னொரு எஞ்சின் வாங்கி வந்தால் அதுவும் 3. அப்போது இரண்டும் சேர்ந்து ஓடும். குழந்தை அழும். "கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

மாற்றுவது கஷ்டமில்லை. டிகோடருக்குள் சி.வி. என்ற எண்ணிட்ட அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பை எழுதி வைக்கலாம். சி.வி. 1 சிறிய அட்ரஸ். அதில் 127 வரை போகலாம். ஆனால் எஞ்சினின் நெற்றியில் எழுதியிருக்கும் நம்பரே அட்ரஸாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பெரிய அட்ரஸ் வேண்டும், அது சி.வி. 17, 18 இரண்டிலும் பிரிந்து உட்காரும்.

எங்கள் வீட்டு டீசலுக்கு நான் தேர்ந்தெடுத்த நம்பர் 18040. டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் நம்பர் அது. ஆனால் கையில் பிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் 9999-க்கு மேல் ஏற்காது. நம் ரயில்வேயில் ஐந்து இலக்கம். முதல் இலக்கமான 1-ஐ விட்டுவிட்டு 8040 என்று வைத்தோம். இனி கணக்கு. 8040-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 104. ஈவோடு 192-ஐக் கூட்டி, 223 என்று சி.வி. 17-ல் எழுத வேண்டும். மீதி 104, சி.வி. 18-ல். இப்போது வரும் கருவிகளில் 8040 என்று தட்டினாலே இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். இருந்தாலும் ஒரு தடவையாவது பேப்பரில் போட்டுப் பாருங்கள். என் பேரனுக்கு வகுத்தல் கணக்கில் மீதி எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கையால் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிட்டு, "எஞ்சின் இன்னும் 3-க்குத்தான் ஓடுகிறது" என்பார்கள். பெரிய அட்ரஸை உபயோகி என்று டிகோடருக்குச் சொல்லும் ஸ்விட்ச் சி.வி. 29-ல் இருக்கிறது. அது ஒரு ஸ்விட்ச் போர்டு மாதிரி. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு. எவையெவை ஆன் ஆக வேண்டுமோ அவற்றைக் கூட்டி எழுத வேண்டியது. 32 என்பதுதான் பெரிய அட்ரஸ். கடையிலிருந்து வரும்போது பல டிகோடர்களில் 6 இருக்கும். 32 சேர்த்தால் 38. நான் 34 வைப்பேன். குறைத்த அந்த 4, பழைய முறைத் தண்டவாளத்திலும் ஓடுவதற்கான ஸ்விட்ச். அது ஆனில் இருந்தால், சில சமயம் சிக்னல் தடுமாறும்போது எஞ்சின் தானாகப் பாய்ந்து ஓடிவிடுகிறது. மேசையிலிருந்து தரைக்கு மூன்றடி என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பேசுகிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது சாதாரண செட். புரோகிராம் செய்வதற்கென்று தனித் தண்டவாளம் இல்லை. ஒரே வட்டப் பாதைதான். முதல் தடவை அட்ரஸ் எழுதியபோது மற்ற இரண்டு எஞ்சின்களையும் நான் பாதையிலிருந்து எடுக்கவில்லை. புரோகிராம் செய்யும்போது கருவி யார் பெயரையும் சொல்லாது. பாதையில் நிற்கிற எல்லா டிகோடரும் அந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளும். மூன்றும் 8040 ஆகிவிட்டன. பேரன் வேகத்தைத் திருப்பினான். மூன்றும் கிளம்பின. ஒன்று எதிர்ப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. நேருக்கு நேர் மோதி, நீராவி எஞ்சினின் முன்பக்கக் கொக்கி ஒடிந்தது. ஒரு பிளாக்கில் ஒரு வண்டி என்று வாழ்நாளெல்லாம் கேட்டு வளர்ந்தவன் வீட்டில் நடந்த விபத்து இது. விசாரணைக் கமிட்டியாக என் மனைவி வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வட்டப் பாதையோடு சேராத இரண்டடித் தண்டவாளம் தனியாக இருக்கிறது. கருவியின் வயரைக் கழற்றி அதில் மாட்டி, ஒரே ஒரு எஞ்சினை வைத்துத்தான் எழுதுவோம். எழுதியதும் எஞ்சின் ஒரு துளி அசையும். மோட்டாருக்கு ஆறு மில்லி செகண்ட் மின்சாரம் கொடுத்து "வாங்கிக்கொண்டேன்" என்று டிகோடர் சொல்லும் முறை அது. அந்தத் தலையசைப்பு வரவில்லை என்றால் உடனே டிகோடர் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். சக்கரத்தில் அழுக்கு இருக்கும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் இன்னொன்று. அடாப்டரில் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் நம் பிளக்கில் தயவுசெய்து சொருகாதீர்கள். ஏழு வீட்டில் ஒரு வீட்டில் அது கருகியே இருந்தது.

இனி சத்தத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் காலனியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற டிரைவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணில் இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. காதிலும் இப்போது மிஷின். டபிள்யூ.டி.எம்.-2-வின் மேல் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்குக் காது போவது புதிதில்லை. மகன் அனுப்பிய சவுண்ட் டிகோடரை நான் எஞ்சினுக்குள் சால்டர் செய்து பொருத்திய மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். பால்கனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பேரன் எஞ்சினைக் கிளப்பினான். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, ஆல்கோன்னுல்லா சொன்னே? இது ஜி.எம். சத்தம்லா!"

எனக்குச் சுருக்கென்றது. ஆல்கோவின் 251 எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக். ஐடிலில் 400 சுற்று, எட்டாவது நாட்சில் 1000 சுற்று. கிளம்பும்போது தடதடவென்று தனித்தனியாகத் துடிப்பு கேட்கும். டர்போ பின்னாலிருந்து விசிலடித்துக்கொண்டே வந்து சேரும். ஜி.எம். எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக். அதன் ஒலி ஒரே ரீங்காரமாக இழையும். இரண்டையும் பிரித்தும் பூட்டியும் பழகிய நான், பெயின்ட் அடித்த நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். கண் நிறைந்ததும் காது வேலை செய்யவில்லை. கண் மங்கியவர் கண்டுபிடித்தார்.

நல்லவேளை, எங்கள் டிகோடரில் பல டீசல்களின் ஒலிகளும் ஒன்றாகவே இருந்தன. தேர்ந்தெடுக்கும் சி.வி.யை மாற்றினால் போதும். இது எந்த சி.வி. என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும். பட்டியலில் ஆல்கோ 251 இருந்தது. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் ஆல்கோ கம்பெனி 1969-ல் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. அதன் 251-ஐ வாராணசியில் 1964 முதல் பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தோம். ஆகவே அமெரிக்கக்காரன் தன் பழைய எஞ்சினென்று பதிவு செய்து வைத்த ஒலி நம் ஷெட்டின் ஒலியே.

ஆனால் மற்றவை நம்முடையவை அல்ல. முதல் பட்டனை அமுக்கினால் கோவில் மணிபோல் அடிக்கிறது. அமெரிக்காவில் டீசல் எஞ்சினுக்கு மணி உண்டு. நம் எஞ்சினில் ஏது? அந்த மணியின் சத்தத்துக்கென்று தனி சி.வி. இருக்கிறது, அதில் பூஜ்யம் எழுதினோம். அவர்களுடைய ஹாரன் ஐந்து குழல் சேர்ந்து பாடும். நம்முடையது ஒன்று உச்சம், ஒன்று தாழ்வு என்று இரண்டு. பட்டியலில் தேடி ஓரளவு நெருங்கியதை வைத்திருக்கிறோம். மொத்தச் சத்தத்தைக் கடை வைத்த அளவில் மூன்றில் ஒரு பங்காக்கினோம். வீட்டு அம்மாள்மார்களுக்கு இது ஒன்று போதும். இதற்கு நியாயமும் இருக்கிறது. எஞ்சின் 87-ல் ஒரு பங்கு. மேசையில் அதைப் பார்க்கிறோம் என்றால் நிஜ எஞ்சினை வயலுக்கு அப்பாலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். வயலுக்கு அப்பால் நிற்கிற எஞ்சின் காதைப் பிளக்குமா? நாணயம் அளவு ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் அலறவிட்டால் அது கரகரப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஸ்பீக்கரின் பின்புறம் காற்று ஒழுகாமல் சின்னப் பெட்டி வைத்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடாத ஸ்பீக்கரில் கொசு ரீங்காரந்தான் வரும்.

அடுத்து அண்ணாச்சி பிடித்தது கிளம்பும் விதத்தை. "பதினெட்டுப் பெட்டி இழுக்கிற வண்டி ஆட்டோ மாதிரி சிலுப்பிக்கிட்டுப் போகுது" என்றார். வேகம் ஏறுவதற்கு சி.வி. 3, இறங்குவதற்கு சி.வி. 4. சி.வி. 3-ல் எழுதும் எண்ணை 0.9-ஆல் பெருக்கினால், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏறக்குறைய எத்தனை செகண்ட் என்று வரும். நாங்கள் 40 வைத்தோம். 36 செகண்ட். மீரஜ் லைனின் ஏற்றத்தில் கிளம்புவதற்கு இது காணாது என்கிறார் அவர். பேரனுக்கோ இதுவே யுகமாக இருக்கிறது. 40-க்கு இருவரும் சம்மதித்தார்கள்.

அகலப்பாதை முறை என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை 87-ஆல் பெருக்கினால் 1435 வருகிறது. அது ஐரோப்பாக்காரர்களின் அளவு. நம் 1676-க்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே நம் எஞ்சின் கொஞ்சம் ஒல்லிக் காலில் நிற்பதுபோல்தான் தெரியும். இதற்கு எந்த சி.வி.யும் கிடையாது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா, குழந்தை விளையாடுகிற சாமானுக்கு என்று என் மருமகனே கேட்டார். இப்போது கம்ப்யூட்டரில் இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது, எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் எழுதிவிடலாம் என்றார். உண்மைதான். நானும் உபயோகிக்கிறேன், பத்து எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் ஆல்கோவா ஜி.எம்.மா என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நம் காலனிகளில் இருக்கிறார்கள், நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். டிரைவர்கள், ஃபிட்டர்கள், கார்டுகள் என்று ஊரைவிட்டு இங்கே வந்து வேர்விட்ட முதல் தலைமுறை. அவர்களுக்கு வயதாகிறது. அவர்கள் ஓட்டிய எஞ்சின்களுக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நாட்டின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. ஆல்கோக்கள் ஷெட் ஷெட்டாகப் பழைய இரும்புக்குப் போகின்றன. அருங்காட்சியகத்தில் எஞ்சினை நிறுத்தி வைக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். நிற்கிற எஞ்சின் பேசாது.

அதனால்தான் சொல்கிறேன். செட்டின் சத்தத்தை அமைக்கும்போது வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஒரு ரயில்வேக் கிழவரைக் கூட்டி உட்கார வையுங்கள். ஆல்கோ இன்னும் ஓடுகிற ஸ்டேஷனுக்குப் போக வாய்த்தால், பிளாட்பாரத்தில் நின்றபடி, தண்டவாளத்தில் இறங்காமல், செல்போனில் அதன் ஒலியைப் பதிவு செய்யுங்கள். ஐடில், ஒவ்வொரு நாட்ச், ஹாரனின் தொடக்கமும் முடிவும் தனித்தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சில கம்பெனி டிகோடர்களில், அதற்கான கருவி இருந்தால், நம் பதிவையே ஏற்றலாம்.

மாற்றிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். இது என் பிடிவாதம். பல டிகோடர்களில் சி.வி. 8-ல் 8 என்று எழுதினால் எல்லாம் அழிந்து பழைய 3-க்கே போய்விடும். அவசரத்தில் ஒருநாள் நானே அதைச் செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒரு நொடியில் போயிற்று. எஞ்சினுக்குள் டிரைவர் எழுதும் ரிப்பேர் புக்கை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன்! வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடத் தோன்றவில்லை. இப்போது பேரன் எழுதுகிறான். இடப்பக்கம் சி.வி. எண், பழைய மதிப்பு, புது மதிப்பு, தேதி. வலப்பக்கம் அண்ணாச்சி சொன்னது. அவர் சொல்வதை அவன் இங்கிலீஷில்தான் எழுத ஆரம்பித்தான். "முனங்குது", "மூச்சு வாங்குது", "தொண்டை கட்டியிருக்கு" இதையெல்லாம் இங்கிலீஷில் எப்படி எழுதுவது? மராத்தியிலும் வரவில்லை. ஞாயிறு வகுப்பில் வேண்டாவெறுப்பாகப் படித்த எழுத்து அங்கே உதவிற்று. 'மூச்சு'-வில் ச்-சை விட்டுவிட்டான். நான் திருத்தவில்லை. அண்ணாச்சி பார்த்துச் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் இரண்டடித் தண்டவாளத்தையும் கருவியையும் கொண்டுவருகிறேன். லாஃப்டில் தூங்கும் எஞ்சின்களை எடுத்து வாருங்கள். கையேடு இருந்தால் அதையும். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் 8040-இன் ஹாரனில் தாழ்ந்த சுருதி இன்னும் ஒரு நூல் இறங்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அதற்கான சி.வி.யைத்தான் நானும் பேரனும் கையேட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.